பீரோவுக்குப் பின்னால் படித்த கதை

என்னிடம் யாராவது பேய்க்கதை சொல்ல வந்தால் "சுகர் செக் பண்ணினீங்களா" என்றுதான் முதலில் கேட்பேன். தோஹாவில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். ஜின் அடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு அவ்வப்போது யாராவது வருவார்கள், நானும் முகத்தை மாற்றாமல் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பேன், டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார், இரும்புச்சத்து மாத்திரையில் ஜின் ஓடிப்போய்விடும். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரரே நம்பவில்லை, "வெயில் மண்டையில ஏறிருச்சு ஒனக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார், நீங்கள் நம்புவீர்கள் என்று எந்த தைரியத்தில் ஆரம்பிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்தது ராத்திரிகூட இல்லை, நல்ல மத்தியானம். எங்கள் ஊரில் உச்சிவேளையில் புளியமரத்துப் பக்கம் போகாதே என்பார்கள், நஜ்மாவில் புளியமரத்துக்கு எங்கே போவது?

நஜ்மாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தோஹாவில் நம் ஆட்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கிற பழைய பகுதி அது. நாங்கள் இருந்தது ஒரு வில்லா. வில்லா என்றதும் மாடி, தோட்டம் என்று கற்பனை செய்ய வேண்டாம். பெரிய பழைய வீடு, அதை ஒட்டுப்பலகை அடித்து அடித்து ஒரு ஹாலை மூன்றாக்கி, ஒரு அறையை இரண்டாக்கி, ஆளாளுக்கு ஒரு கூண்டு. பார்ட்டிஷன் என்று சொல்வோம். என் வீட்டுக்காரர் தூரத்துச் சைட்டில் கேம்ப்பில் தங்கியிருந்தார், வியாழக்கிழமை சாயங்காலம் வருவார், சனிக்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் நான், ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் கிடையாது. ஹாலில் ஓடுகிற ஏசியின் குளிர்ச்சி பலகைக்கு மேலே விட்டிருக்கும் கையகல இடைவெளி வழியாக வரவேண்டும். ஹால் ஜன்னலிலும் வெயிலுக்குப் பயந்து அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள், அதனால் லைட்டை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது.

வில்லாவை மொத்தமாக எடுத்து எங்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்திருந்தவர் மெஹ்ரு ராத்தா. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அக்காவை ராத்தா என்பார்கள், இவர் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் திருச்செந்தூர் பக்கம், ஆறேழு மைலில் இருந்துகொண்டு ஊரில் சந்தித்துக்கொள்ளாதவர்கள் கடல் தாண்டி வந்து ஒரே அடுப்பில் குழம்பு வைத்தோம். நல்ல மனுஷி, வாய்தான் பெரிது. இந்தப் பலகைத் தடுப்புகள் சட்டப்படி கூடாது, பலதியாவிலிருந்து, அதாவது முனிசிபாலிட்டியிலிருந்து, சோதனைக்கு வந்தால் எல்லோரும் சாமான்களோடு தெருவில்தான். அதனால் ராத்தா சில சட்டங்கள் வைத்திருந்தார். சாதாரண நாளில் வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கதவைத் தட்டிக் கேட்கக்கூட வேண்டாம். சோதனை என்று வதந்தி வந்தால் ஒரு செருப்பும் வெளியே கிடக்கக்கூடாது. என் பார்ட்டிஷன் கதவு ஹாலைப் பார்த்து இருந்ததால் அதற்கு முன்னால் பெரிய இரும்பு பீரோவைத் தள்ளி வைத்துவிடுவார்கள், பார்த்தால் வெறும் சுவர் மாதிரி இருக்கும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டிவிட்டு, எல்லோரும் கடைக்குப் பின்னால் உள்ள சரக்குக் கிட்டங்கியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் ஒரு இங்கிலீஷ்காரியும் வருகிறார், அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். ஊரில் இருந்த கைடு மேடம் போனில் சொன்னார், "எல்லாரும் எழுதுன ஆளையே நீயும் எழுதாதம்மா. யாரும் தொடாத ஆளா ஒருத்தரத் தாரேன், காப்பி அடிச்சேன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது." அப்படித் தந்ததுதான் அந்தம்மா. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, ஆங்கிலம் கரைத்துக் குடித்தவர்களுக்கே தெரியாது. ஆயிரத்து எழுநூறுகளில் இருந்தவர். நாலைந்து நாவல் எழுதியிருக்கிறார், ஒன்றிலும் பெயர் போடவில்லை, 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் புத்தகத்தை வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் இருந்தனவாம், அங்கே இவர் நாவலுக்குப் பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். கண்ணை மூடினார், அதோடு சரி, சீண்ட ஒரு நாதி இல்லை.

மேடம் இன்னொன்றும் சொன்னார். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருந்தவராம். துணிமணி வைக்கிற சின்ன அறையில் உட்கார்ந்துதான் எழுதுவாராம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், குடும்பத்துப் பெண் நாவல் எழுதுகிறாள் என்று தெரிந்தால் மானக்கேடு என்று, எழுதுகிற கையோடு அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். விருந்தாளி போகிறவரை இருமக்கூடக் கூடாது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. "எங்க வில்லா மாதிரியேல்லா இருக்கு மேடம்" என்றேன்.

மேடம் அனுப்பிய நாவலை நஜ்மாவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டு வைத்திருந்தேன். பழைய அச்சு, எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி இருக்கும், படித்தால் நாக்கு தடுக்கி விழும். கதாநாயகி பெயர் பேஷன்ஸ். பொறுமை என்று பெயர் வைத்தால் வேறென்ன நடக்கும், எல்லாக் கஷ்டமும் அவளுக்குத்தான். அப்பா அம்மா இல்லாதவள், மாமா வீட்டுக்கு வண்டியில் போய்க்கொண்டே இருந்தாள், நான் படிக்கிற வேகத்தில் பல வாரம் ஆகியும் அவள் போய்ச் சேரவில்லை.

அன்றைக்குக் காலையில் அடுப்படியில் ராத்தா சொன்னார், "ஜெயா, இந்தத் தெருவுக்கு பலதியாக்காரங்க வாராங்களாம். யாரும் செருப்ப வெளிய போடாதிய, அவன் செருப்ப வச்சே எத்தன தலன்னு எண்ணிருவான். நெசமாவே வந்தா மெசேஜ் போடுதேன், மத்தியானம் யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

சரி ராத்தா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் கிளினிக்கில் மத்தியானம் மூடிவிட்டுச் சாயங்காலம் திறப்பார்கள். மூடுகிற நேரத்தில் ஒரு பாட்டியம்மாவின் அப்பாயின்ட்மென்ட்டில் குளறுபடி, அதில் போனைக் கவுன்டரில் சார்ஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ராத்தாவின் மெசேஜ் அங்கே கவுன்டரில் வந்து விழுந்திருக்கிறது. நான் ஒன்றும் தெரியாமல் வெயிலில் நடந்து வில்லாவுக்கு வந்தேன். ராத்தா பின்பக்கம் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளையாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ட்டிஷனுக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்திப் படுத்தேன். பேஷன்ஸ் கதையை ஒரு பக்கம் படித்திருப்பேன், அது எப்போதுமே நல்ல தூக்க மாத்திரை, லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கிப் போனேன்.

விழித்தபோது முதலில் தெரிந்தது, ஏசி சத்தம் இல்லை. அப்புறம்தான் வியர்வை தெரிந்தது, தலையணை நனைந்திருந்தது. சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. கதவைத் தள்ளினேன், ஒரு விரல் அளவு அசைந்து இரும்பில் இடித்து நின்றது. அந்தச் சத்தத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பீரோ. அதைத் தள்ளுகிற சத்தத்தில்கூட நான் விழிக்கவில்லை. செருப்பு வெளியே இல்லை, அதனால் ஆள் இல்லை. ராத்தா தன் சட்டப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார், நானும் சட்டப்படி சரியாகத்தான் செய்திருக்கிறேன், ரெண்டு சரியும் சேர்ந்து என்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டன.

உடனே கத்தியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் நீங்கள் எங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். பலதியா ஆட்கள் ஹாலில் நிற்கிறார்களோ என்னவோ. நான் ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனை குடும்பமும் கட்டில், குக்கர், கைக்குழந்தை சகிதம் இந்த வெயிலில் ரோட்டில் நிற்கும். கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு விடவே சூடாக இருந்தது, பாட்டிலில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போக ஆரம்பித்தது. அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்வது எங்கிருந்தோ கேட்டது. கிளினிக் திறக்கிற நேரம், என்னைத் தேடிப் போன் அடிப்பார்கள், அது அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே கவுன்டரில் அடிக்கும். அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு நிற்கவில்லை, அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கோடையில் மூடின வண்டிக்குள் அகப்பட்டவர்களை எங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்து பார்த்திருக்கிறேன். இந்த ஊர் வெயில் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பலதியாவாவது ஒன்றாவது என்று கத்த ஆரம்பித்தேன். பலகையை உதைத்தேன், கால்தான் வலித்தது, ராத்தா வீட்டுக்காரர் கட்டை கொடுத்து ஆணி அடித்த அழகு அப்படி. நஜ்மாவில் அந்த நேரத்தில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கும், எல்லா ஏசியும் இரைந்துகொண்டிருக்கும், கத்தினால் யாருக்குக் கேட்கும்? தொண்டை கட்டியதுதான் மிச்சம். தரையில் படுத்து, கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன். அம்மா அம்மா என்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இங்கேயே செத்துப்போய்விடுவேன், வியாழக்கிழமை அவர் வந்துதான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அப்போது காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

கட்டில் பக்கத்திலிருந்து இல்லை. பின்சுவரிலிருந்து. என் பார்ட்டிஷனில் மூன்று பக்கம் பலகை, அந்த ஒரு பக்கம் மட்டும் வில்லாவின் உண்மையான சுவர், அதற்கு அந்தப் புறம் தண்ணீர்த் தொட்டி, வேறு ஒன்றும் கிடையாது. காற்றுகூட இல்லாத இடத்தில் யாரோ சாவகாசமாகப் பக்கம் புரட்டுகிறார்கள். புரட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். டோக்கன் கொடுத்து உட்காரவைத்த ஆள், எப்போது கூப்பிடுவார்கள் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு காத்திருப்பு அந்தச் சுவருக்குள் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? படி என்கிறது. யாரும் சொல்லவில்லை, குரல் எதுவும் இல்லை, ஆனால் படி என்கிறது.

கையால் துழாவினேன், சுருள்கம்பி தட்டுப்பட்டது. தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே முதுகில் குளிர்ந்தது. கோல்ட் ஸ்டோரேஜ் கதவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு குளிர்ச்சி சுவரிலிருந்து வந்தது. படிக்கப் படிக்க மூச்சு சீரானது, விரலில் உணர்வு வந்தது. எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தினேன், அவ்வளவுதான், சூடு மூஞ்சியில் அறைந்தது. மறுபடி படித்தேன், மறுபடி குளிர்ந்தது. சரி, இதுதான் எங்களுக்குள் பேச்சு என்று விளங்கிக்கொண்டேன். நான் படித்தால் எனக்கு உயிர். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள், இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஆள்கூடத் தன் வரியை வாய்விட்டுப் படிக்காத ஒருவருக்கு என்ன கிடைக்குமோ அது. நான் பக்கம் புரட்டுவதற்கு முன்னால் அங்கே பக்கம் புரண்டது. நான் படிக்கிற வரியைக் கூடவே முணுமுணுக்கிற மூச்சு, நான் நிறுத்துகிற இடத்தில் அதுவும் நின்றது.

கதையில் பேஷன்ஸ் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் சொல்கிற கிழவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். உடை மாற்றுகிற சின்ன அறையில் அவளைத் தள்ளி, இரண்டு வேலைக்காரர்களை விட்டுத் துணி அலமாரியைக் கதவுக்கு முன்னால் நகர்த்தச் சொல்கிறார் மாமா. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்கிறார். உள்ளே அவள் பசியோடு, இருட்டில், சுவருக்கு அந்தப் புறம் யாரோ இருப்பதாக நினைத்து அதோடு பேசுகிறாள். நான் இதைப் படிக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு வெளியே போகவேண்டும் என்ற எண்ணமே இல்லை. வீட்டுக்காரரை நினைக்கவில்லை, அம்மாவை நினைக்கவில்லை, அடுத்த வரி, அடுத்த வரி, அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு அதுதான் பயம், அடைபட்டுக் கிடந்ததுகூட இல்லை.

பேஷன்ஸுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கிறது. மரச்செருப்பு போட்ட வேலைக்காரி, அவள் மேல் இரக்கம் உள்ளவள், வந்துகொண்டிருக்கிறாள். சரியாக அந்த இடத்தில் வில்லாவின் வாசல் பூட்டு திறந்தது.

ராத்தாவின் நடை எனக்குத் தெரியும், வலது முழங்கால் வலி, இழுத்து வைப்பார். ஹாலுக்குள் வந்தார், அடுப்படிப் பக்கம் போனார், ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. என் வாய் படித்துக்கொண்டே இருக்கிறது. காலடி திரும்பி வந்தது, ஹால் நடுவில் சட்டென்று நின்றது. அப்புறம் பூனை மாதிரி வைத்து வைத்து வாசலை நோக்கிப் போக ஆரம்பித்தது. போகிறார். போனால் இனி இருட்டின பிறகுதான் வருவார்கள். எனக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது, வாய் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. பேஷன்ஸ் எழுந்தாள் என்று படிக்கிறேன். கதவில் கையை வைத்தாள் என்று படிக்கிறேன். முதுகுக்குப் பின்னால் இருந்த மூச்சு பக்கத்தில் வந்துவிட்டது, காதுக்கு அருகில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுகிற மூச்சு. பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது. உதடுகளைத் திறந்தாள் என்று படித்தேன், அதற்கு அடுத்த சொல்லுக்குப் போகாமல் நாக்கைக் கடித்தேன். ரத்தம் வந்தது. அந்த வலியில் கத்தினேன்.

"ராத்தா!"

குளிர் அறுந்து விழுந்தது. சூடு மொத்தமாக என் மேல் வந்து உட்கார்ந்தது. பின்னால் ஒரு சின்னச் சத்தம், புத்தகத்தை மூடுகிற சத்தம்.

"யா அல்லா! ஜெயாவா? நீயா புள்ள உள்ள இருக்க?"

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக அந்த இரும்பு பீரோவை ராத்தா எப்படி நகர்த்தினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. என்னை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, தண்ணீரைத் தலையோடு ஊற்றினார், ஊற்றிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே திட்டினார்.

"செருப்பு இல்லேன்னுதானே புள்ள பீரோவத் தள்ளுனேன். ஒரு மெசேஜப் பாக்க மாட்டியா? நான் சுகர் ஊசி மருந்த எடுக்க வந்தேன், வராம இருந்திருந்தா?"

பேச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "என் சத்தத்தக் கேட்டுட்டு ஏன் ராத்தா திரும்பிப் போனிய?"

"ஒன் சத்தம் எங்க கேட்டுச்சு? உள்ள ஒருத்தி இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே இருந்தா. பலதியாக்காரி யாரோ உள்ள பூந்துட்டா, அளந்து எழுதிக்கிட்டு இருக்கான்னு பயந்துல்லா நழுவுனேன்."

"நான்தான் படிச்சிட்டு இருந்தேன் ராத்தா."

ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒன் கொரலு எனக்குத் தெரியாதா? அது வயசான பொம்பள. நீ கத்துனது தனியா கேட்டுச்சு, அவ பேசுனது தனியா கேட்டுச்சு." பிறகு எழுந்து போனில் டார்ச்சைப் போட்டு, என் பார்ட்டிஷனுக்குள் அடித்துப் பார்த்தார். கட்டில், நாற்காலி, தரையில் சுருள்கம்பிப் புத்தகம். அவர் டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார், அணைத்தார்.

"மெயினு ஆஃப்லல்லா கெடக்கு. இந்தக் கும்மிருட்டுல என்னத்த புள்ள படிச்ச?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கேட்கிறவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. எஸ் எழுத்தில்கூட ஒரு இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை.

பலதியா ஆட்கள் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்று பிறகு தெரிந்தது. எங்கள் டாக்டரிடம் சொன்னேன், புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்காத குறையாகப் பரிசோதித்துவிட்டு, உடம்பில் உப்பும் தண்ணீரும் வற்றினால் மூளை இப்படித்தான் சினிமா காட்டும் என்றார். நானே பல பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், சரி டாக்டர் என்று கேட்டுக்கொண்டேன். ராத்தாவுக்கு எந்த உப்பு வற்றியது என்று கேட்கவில்லை. ராத்தா எனக்கு அடுப்படி ஓரத்தில் ஜன்னல் உள்ள இடமாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சோதனை வதந்தி வந்தால் ஒவ்வொரு கதவையும் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் பீரோவில் கை வைக்கிறார்.

சில நாள் கழித்து, கிளினிக்கில் ஆள் இல்லாத நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எங்கே விட்டேன் என்று பார்க்கத்தான். பேஷன்ஸ் வண்டியிலிருந்து இறங்குகிறாள், மாமா வீட்டுப் படி ஏறுகிறாள், கதவு திறக்கிறது. அதோடு ஒரு கோடு, கீழே 'முதல் பாகம் முற்றும்'. அடுத்த பக்கம் வெறுமை. சின்ன அறையைக் காணோம், அலமாரியைக் காணோம், மரச்செருப்பு வேலைக்காரியைக் காணோம். கடைக்காரன் பக்கத்தை விட்டுவிட்டானோ என்று மேடம் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன், அதிலும் அவ்வளவுதான். மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ரெண்டாம் பாகம் எங்க மேடம்?"

"அது எங்கயும் இல்லம்மா. எந்த லைப்ரரியிலயும் ஒரு காப்பிகூட இல்ல, அழிஞ்சுபோச்சுங்காங்க. கதை எப்படி முடிஞ்சுதுன்னு யாருக்குமே தெரியாது. ஏன் கேக்க?"

சும்மாதான் மேடம் என்று வைத்துவிட்டேன். நான் கற்பனை பண்ணியிருப்பேன் என்பீர்கள். எனக்கு ஒரு லீவ் லெட்டர்கூடச் சொந்தமாக எழுத வராது, பழைய லெட்டரில் தேதியை மாற்றித்தான் கொடுப்பேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் அத்தனை பக்கம் நானா கட்டுவேன்? கட்டுரையில் இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை என்று எல்லோரையும் போல நானும் எழுதிக் கொடுத்தேன். பாஸ் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது, பேச்சு வாக்கில் ராத்தாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வேலக்காரி வாரா, இவ வாயத் தொறக்கா. அப்பறம்? கத்துனாளா? வெளிய வந்தாளா?"

தெரியாது ராத்தா என்றேன். அது பொய். அந்த வரியில் அடுத்த சொல் என் கண்ணில் பட்டுவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்கத்தான் நாக்கைக் கடித்தேன். ஏசி நிற்கிற போதெல்லாம் அந்தச் சொல் வாய்க்குள் வந்து நிற்கிறது. நான் சொல்லாதவரைக்கும் பேஷன்ஸ் கதவில் கையை வைத்தபடியே, இருட்டில், வாயைத் திறந்தபடியே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவள் வெளியே வந்துவிடுவாளா, இல்லை நான் மறுபடி உள்ளே போய்விடுவேனா என்பது தெரியாது. இன்றுவரை சொல்லவில்லை.